சண்டிகரைத் தனிக் கைடோடு சுற்றிப் பார்க்க: திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவுக்குப் போகிற நம்மூர் ஆட்களுக்கு ஒரு வழமையான சுற்று இருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை, இராமேஸ்வரம், கையில் காசு மிச்சமிருந்தால் காசி. சண்டிகர் அதில் வராது. ஆனால் நான் படவரைஞர் வேலை செய்வதாலோ என்னவோ, வீடு கட்டுகிறவர்கள், மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிற அப்பா அம்மா என்று கொஞ்சப் பேர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டு முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கோயிலா, கோட்டையா?

இரண்டும் இல்லை. பார்க்க வேண்டியது ஊரைத்தான். 1947 பிரிவினையில் பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை, அகதிகளாக வந்த இலட்சக்கணக்கான சனத்துக்கு இருக்க இடமும் இல்லை. பழைய ஊர் ஒன்றைத் தலைநகராக்காமல், இமயமலை அடிவாரத்தில் வயலும் கிராமங்களுமாக இருந்த சமவெளியில் வெறும் தாளில் கோடு போட்டு ஒரு நகரத்தைத் தொடங்கினார்கள். நேரு இதில் மிகவும் பிடிவாதமாக நின்றார். 1953 ஒக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். 1966 நவம்பரில் ஹரியானா பிரிந்த பிறகு இரண்டு மாநிலத்துக்கும் அதுவே தலைநகர், ஆனால் அது இரண்டுக்கும் சொந்தமில்லை, மத்திய அரசின் ஒன்றியப் பிரதேசம். ஒரே சட்டமன்றக் கட்டடத்துக்குள் இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் கூடுகின்றன.

எல்லாமே லெ கொர்பூசியே கட்டியதுதானே?

லெ கொர்பூசியே என்பவர் பிரான்சில் இருந்து வேலை செய்த பேர்போன கட்டடக் கலைஞர். அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கைடும் அப்படியே சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள். முதல் திட்டம் அமெரிக்கரான அல்பேர்ட் மேயரும் போலந்துக்காரர் மத்தேயு நொவிட்ஸ்கியும் போட்டது. நொவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோனார், அதற்குப் பிறகுதான் லெ கொர்பூசியேயைத் தேடிப் போனார்கள். அவர் 1951இல் வந்து மேயரின் வளைந்த வீதிகளைப் பெரும்பாலும் நிமிர்த்திவிட்டார். அவர் வருடத்தில் கொஞ்சக் காலம்தான் அங்கே வந்து நிற்பார். ஊரிலேயே இருந்து வேலை பார்த்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே. 1965 வரைக்கும் இருந்தார், 1967இல் செத்த பிறகு அவருடைய சாம்பலை அங்குள்ள சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். ஆரம்ப வருடங்களில் மெக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்ற ஆங்கிலேயக் கணவனும் மனைவியும் வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கடைகளையும் வரைந்தார்கள். ஆதித்ய பிரகாஷ், ஊர்மிளா யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது ஏராளம். செக்டர் 17இல் (ஊரை எண் போட்டுப் பிரித்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு செக்டர்) இருக்கிற நீலம் தியேட்டர் ஆதித்ய பிரகாஷ் செய்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர், லெ கொர்பூசியேயின் நெருங்கிய சிநேகிதி. இருவருக்கும் நீண்ட காலம் கடிதப் போக்குவரத்து இருந்தது. சண்டிகர்க் கைடுகள் இதைச் சொல்வது குறைவு. நீங்கள் சொல்லிப் பாருங்கள், இலங்கையிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் கிரிக்கெட்டைத் தவிரக் கதைக்க ஒரு விசயம் கிடைக்கும்.

தனிக் கைட் கட்டாயம் வேணுமா? காசு வீணில்லையா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான், எல்லாரும் காசை விடுகிற இடமும் இதுதான். கைடைப் பிடித்துக்கொண்டு நேரே கபிடொல் வளாகத்துக்குப் போகிறார்கள், அதாவது உயர்நீதிமன்றமும் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கிற செக்டர் 1. அங்கே தனியாளாக வந்த கைடுக்கு வேலையே இல்லை. சுற்றுலாத் துறையே தன் ஆளைப் போட்டு இலவசமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறது, உங்களுடைய கைடும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சும்மா நடந்து வருவார். அரை நாள் கூலி அப்படியே போய்விடும்.

தனிக் கைட் வேணும்தான். ஆனால் அவரை வைத்திருக்க வேண்டியது செக்டர்களுக்குள் நடக்க. ஆட்கள் குடியிருக்கிற 22க்குள்ளே, கிராமம் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கிற 45க்குள்ளே, பல்கலைக்கழகம் இருக்கிற 14க்குள்ளே. அங்கே பெயர்ப்பலகையும் இல்லை, இலவசச் சுற்றும் இல்லை. தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது மரமும் மதிலும் மட்டும்தான்.

கபிடொல் வளாகத்துக்குள் எங்களை விடுவார்களா?

விடுவார்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால். போட்டோ கொப்பி போதாது, அசல் வேணும். வேலை நாட்களில் காலை, மதியம், பின்னேரம் என்று நேரம் வைத்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் போவார்கள். நேரம் மாறக்கூடும் என்பதால் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்றமும் சட்டமன்றமும் வேலை நடக்கிற கட்டடங்கள், ஆகவே எங்கே வரை விடுவார்கள் என்பது அன்றன்றைய பாதுகாப்பைப் பொறுத்தது. 1995இல் பஞ்சாப் முதலமைச்சர் பியந்த் சிங் அந்தத் தலைமைச் செயலகத்துக்கு வெளியேதான் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஏன் இவ்வளவு துவக்கும் வேலியும் என்று அங்கே போய்க் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்கே இராணுவ முகாமுக்குள்ளால் நடந்து போகிற எங்களுக்கு இது பெரிய புதினமும் இல்லை. கமராவை எங்கே எடுக்கலாம் என்று கேட்டு எடுங்கள், டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பார்க்கும்போது கவனிக்க மூன்று விசயம் சொல்கிறேன். உயர்நீதிமன்ற வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் நிற்கிற பிரமாண்டமான தூண்கள், அதற்கு மேலே வெயிலும் மழையும் படாமல் குடை பிடிக்கிற இரண்டாவது கூரை. இரண்டுக்கும் நடுவால் காற்றுப் போகும். தலைமைச் செயலகத்தின் நீளம் 254 மீற்றர், முகப்பு முழுக்கக் கொங்கிரீட் வெயில் தடுப்புகள். சட்டமன்றத்துக்கு லெ கொர்பூசியே தானே வரைந்த எனாமல் கதவு ஒன்று இருக்கிறது, சூரியனும் மிருகங்களும் மரமுமாக. அதை விட்டால் வெளியே நிற்கிற 26 மீற்றர் உயரமான 'திறந்த கை' என்ற சிற்பம், காற்றுக்குத் திரும்பும். கொடுக்கவும் வாங்கவும் விரிந்த கை என்பது அவருடைய எண்ணம். அவர் உயிரோடு இருக்கும்போது அதைக் கட்டவில்லை, 1985இல்தான் நிறுத்தினார்கள். 2016இல் யுனெஸ்கோ இந்த வளாகத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, ஏழு நாடுகளிலுள்ள அவருடைய 17 வேலைகளில் ஒன்றாக.

செக்டர் செக்டர் என்கிறார்களே, அது என்ன? வழி தவறிவிடாதா?

ஒரு செக்டர் ஏறக்குறைய 1200 மீற்றர் நீளம், 800 மீற்றர் அகலம். உள்ளே பள்ளிக்கூடம், கடை, பூங்கா, வீடு எல்லாம் இருக்கும், அன்றாடத் தேவைக்கு வெளியே வரவேண்டியதில்லை. சுற்றி ஓடுகிற பெரிய வீதிக்கு எந்த வீட்டின் படலையும் திறக்காது. வீதிகளுக்கு வி1 முதல் வி7 வரை தரம் இருக்கிறது. வி1 வெளியூரிலிருந்து வருவது, வி3 செக்டரைச் சுற்றி வேகமாக வாகனம் ஓடுவது, வி4 செக்டருக்குள்ளே கடைகள் இருக்கிற வீதி, வி6 வீட்டு வாசலுக்குப் போவது, வி7 பூங்காவுக்குள்ளால் நடந்து போகிற பாதை. கைடிடம் "வி7இல் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கே அவர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்.

வழி தவறுமா என்றால், முகவரி தவறாது, ஆனால் எல்லா ரவுண்டபவுட்டும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்கனவே வந்த இடம் போலவே தோன்றும். 13ஆம் செக்டரை மட்டும் தேட வேண்டாம். ஆரம்பத்தில் அந்த எண்ணே இல்லை, மணிமாஜ்ரா என்ற பக்கத்துப் பழைய ஊருக்கு அதைக் கொடுத்தது அண்மையில்தான்.

அப்படி செக்டர் 22இல் என்னதான் இருக்கிறது?

முதலில் கட்டி ஆட்களைக் குடியேற்றிய செக்டர்களில் ஒன்று அது. ஃப்ரையும் ட்ரூவும் ஜானரேயும் வரைந்த அரசாங்க வீடுகள் இன்னும் இருக்கின்றன. காசில்லாத அரசாங்கம், சீமெந்துக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு, ஆனால் செங்கல் உள்ளூரிலேயே மலிவாகக் கிடைத்தது. ஆகவே கபிடொலில் தெரிகிற கொங்கிரீட் பிரமாண்டம் இங்கே கிடையாது. எல்லாமே செங்கல், அதிலேயே ஓட்டை விட்டுக் கட்டிய சுவர், உள்ளே தள்ளி வைத்த யன்னல், பின்னால் ஒரு முற்றம், கோடையில் கட்டிலைப் போட்டுப் படுக்க மொட்டைமாடி.

அரசாங்க வீடுகளை உத்தியோகத்தர்களின் தரத்தைப் பார்த்து 13 வகையாகப் பிரித்தார்கள். உச்சியில் முதலமைச்சர், அடியில் பியோன். நகரம் முழுக்க அதிகாரப் படிநிலை அப்படியே வீதி வீதியாகக் கிடக்கிறது: மலைக்கு, கபிடொலுக்குக் கிட்ட பெரிய காணிகள், தெற்கே போகப் போகச் சின்னதாகும். இது எனக்குப் பிடிக்காத விசயம். ஆனால் அடியில் இருக்கிற பியோனுக்கும் இரண்டு அறை, குசினி, கழிவறை, முற்றம், ஓடுகிற தண்ணீர், மின்சாரம் என்று 1950களில் வரைந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த வீட்டு வாசலில் நின்று பார்க்க வேணும். ஒரு படவரைஞனாகச் சொல்கிறேன், பெரிய கட்டடத்தை வரைவதைவிட அந்த வீட்டை வரைவது கஷ்டம். உப்புவெளிப் பக்கம் இப்போது எழும்புகிற கண்ணாடி முகப்பு வீடுகளைப் பார்க்கிறபோதெல்லாம், மேற்கு வெயிலுக்கு ஒரு அடி நீட்டு விட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு அந்த 22ஆம் செக்டர்ச் சுவர்தான் ஞாபகம் வரும்.

இங்கேதான் கைட் வேணும். எந்த வீடு பழையது, எது உடைத்துக் கட்டியது, எந்தச் சந்துக்குள் போனால் பூங்கா வரும் என்பதை அவர் காட்டுவார். சனம் இருக்கிற வீடுகள் என்பதால் கேட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்க்க வேணும், அதைப் பஞ்சாபியில் கேட்க அவரால்தான் முடியும். கேட்டால் அநேகமாகத் தேத்தண்ணியோடு உள்ளே கூப்பிடுவார்கள்.

45ஆம் செக்டரில் கிராமம் என்றீர்களே?

புரைல். நகரத்துக்காகப் பல கிராமங்களை எடுத்து மக்களை எழுப்பினார்கள். சில கிராமங்களைத் தொடாமல் விட்டு, சுற்றிச் செக்டர் கட்டினார்கள். புரைல் அப்படி ஒன்று, 42இல் இருக்கிற அட்டாவா இன்னொன்று. கட்டம் கட்டமாகப் போட்ட வீதியிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் வளைந்த ஒடுங்கிய சந்து, தலைக்கு மேலே வயர், நாலு மாடி வாடகை அறைகள், தையல் கடை, ஃபோன் திருத்துகிற கடை. நகரத்துக்கு வேலை செய்கிற பலருக்குக் கட்டுப்படியாகிற வாடகை அங்கேதான். இதைக் காட்ட விரும்பாத கைடுகள் இருக்கிறார்கள், "அங்கே ஒன்றும் இல்லை சார்" என்பார்கள். விடாதீர்கள்.

கைடை எப்படிப் பிடிப்பது? எவ்வளவு கேட்பார்கள்?

இந்திய சுற்றுலா அமைச்சின் அனுமதி அட்டை உள்ளவர்கள் இருக்கிறார்கள், கட்டடக்கலை படித்துவிட்டு நடைச் சுற்று நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வீடுகளும் வீதிகளும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவது ஆட்களைத் தேடுங்கள். கூலி ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் நான் தொகை சொல்லப் போவதில்லை. பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: அரை நாளா முழு நாளா, கார் சேர்த்தா இல்லையா, பார்க்கிங்கும் மத்தியானச் சாப்பாடும் யார் தலையில், எத்தனை பேருக்கு. அப்புறம் ஒரு சோதனைக் கேள்வி: "செக்டர் 22க்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்?" ஷொப்பிங்குக்கா என்று திருப்பிக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். பேசியதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த கைட் ஒருவர் கேட்காமலே சால்வைக் கடையொன்றில் வண்டியை நிறுத்தினார், முக்கால் மணித்தியாலம் அங்கேயே போனது.

தமிழ் கதைப்பாரா?

இல்லை. பஞ்சாபி, ஹிந்தி, ஆங்கிலம். ஆங்கிலம் மெதுவாகக் கதைக்கச் சொன்னால் கதைப்பார்கள். வீட்டில் ஆங்கிலம் விளங்காத ஆட்கள் இருந்தால் உங்கள் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர், அதற்கு ஏற்றபடி நேரத்தைக் கூட்டிப் பேசுங்கள்.

வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

அம்மாவுக்குக் கார் கட்டாயம். செக்டருக்குள் நடக்கலாம், செக்டருக்குச் செக்டர் நடக்க முடியாது, தூரமும் வெயிலும் கொன்றுவிடும். அவருக்குப் பிடிக்கப்போவது சுக்னா ஏரி. மழைக்கு மட்டும் ஓடுகிற ஆற்றை மறித்து 1958இல் கட்டியது. கந்தளாய்க் குளக்கட்டில் பின்னேரக் காற்று வாங்கியவர்களுக்கு அது வேற்றூர் மாதிரியே இருக்காது. அணையின் மேல் வாகனம் ஓடக் கூடாது, தண்ணீரில் மோட்டார் படகு கூடாது என்று லெ கொர்பூசியே அப்போதே கேட்டுக்கொண்டார், அதனால் அமைதியாக நடக்கலாம்.

பிள்ளைகளுக்கு ரொக் கார்டன். நேக் சந்த் என்ற வீதிப் பரிசோதகர், நகரத்துக்காக இடித்த கிராமங்களின் இடிபாடு, உடைந்த காப்பு, பீங்கான், பழைய கழிவறைக் கோப்பை எல்லாவற்றையும் சைக்கிளில் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒருவருக்கும் தெரியாமல் காட்டுக்குள் 1957 முதல் பொம்மைகளும் சந்துகளும் செய்துகொண்டே இருந்தார். அரசாங்கக் காணி, சட்டப்படி இடித்திருக்க வேணும். 1970களின் நடுவில் கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் அவருக்கே சம்பளமும் ஆட்களும் கொடுத்து 1976இல் திறந்தார்கள். பிறகு 1990இல் வீதி போடப் புல்டோசர் வந்தபோது சனம் முன்னால் போய் நின்று மறித்தது. கோடு தவறாத நகரத்தின் தலைமாட்டிலேயே ஒரு கோடும் நேராக இல்லாத இந்த இடம் இருப்பது எனக்குப் பெரிய சந்தோசம். உள்ளே போகக் கைட் தேவையில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பின்னால் நடங்கள்.

கதிரைகளைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டேனே?

ஓம். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாக ஜானரேயும் அவருடைய ஆட்களும் தேக்கிலும் பிரம்பிலும் செய்வித்த கதிரைகள், வி எழுத்தைக் கவிழ்த்த மாதிரிக் கால். பழசாகி உடைந்ததும் அரசாங்க அலுவலகங்கள் பழைய சாமானாக ஏலம் விட்டன. வாங்கிப்போனவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய விலைக்கு விற்றார்கள். 2011இல் இந்திய உள்துறை அமைச்சு மரபுரிமைத் தளபாடங்களை விற்கத் தடை போட்டது. செக்டர் 19இல் பழைய கட்டடக் கலைஞர் அலுவலகமே லெ கொர்பூசியே நிலையமாக இருக்கிறது, செக்டர் 5இல் ஜானரே இருந்த வீடு அருங்காட்சியகம். இரண்டிலும் கதிரைகளைக் கிட்ட நின்று பார்க்கலாம். அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை பூட்டு, அதைக் கணக்கில் எடுங்கள்.

எந்த மாதம் போகலாம்? எப்படிப் போவது?

ஒக்டோபர், நவம்பர், அல்லது பெப்ரவரி, மார்ச். மே, ஜூனில் வெயில் 40 பாகையைத் தாண்டும், டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் பிந்தும், எங்களிடம் இருக்கிற உடுப்பும் காணாது. இந்திய விசாவுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போய் டில்லிக்கு விமானம், புதுடில்லியிலிருந்து சதாப்தி ரயிலில் ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் அங்கிருந்து வடக்கே ஏறுகிறவர்களும் உண்டு, அது சின்ன விமானம் என்பதால் சாமான் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்காவிலிருந்து சிம்லாவுக்குப் போகிற மலை ரயில் கிட்டத்தான் தொடங்குகிறது, பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள்.

சாப்பாடு?

பூரி, பராட்டா, கடலைக் கறி, லஸ்ஸி. சோறு தேடுகிறவர்களுக்கு செக்டர் 17இல் இந்தியன் கொஃபி ஹவுஸில் தோசை கிடைக்கும். செக்டர் 31இல் தமிழ் ஆட்கள் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது, அம்மாவுக்கு அது போதும்.

குறையே இல்லாத ஊரா?

யார் சொன்னது? ஐந்து இலட்சம் பேருக்கு என்று வரைந்தது, 2011 கணக்கெடுப்பிலேயே பத்து இலட்சம் தாண்டிவிட்டது, பக்கத்தில் மொகாலியும் பஞ்ச்குலாவும் ஒட்டி வளர்ந்துவிட்டன. காரில்லாதவனுக்குக் கஷ்டமான ஊர். கட்டியவர்களுக்கே, அதாவது கல் சுமந்த கூலிக்காரர்களுக்கு, வரைபடத்தில் இடம் வைக்கவில்லை. மறுபக்கம், பழைய வீடுகளை உடைத்து மாடிமாடியாக விற்கிற வேலைக்கு 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் முதல் கட்ட செக்டர்களில் தடை போட்டது. மரபைக் காப்பாற்றுவது என்று ஒரு பக்கம், வீட்டு விலை இன்னும் ஏறும் என்று இன்னொரு பக்கம் ஊருக்குள் சண்டை போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கைட் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலம் போய்விடும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

திங்களும் வார இறுதியும் இல்லாத நாளாகப் பாருங்கள். காலையில் கைட் இல்லாமல் கபிடொல் இலவசச் சுற்று, முடிந்ததும் பக்கத்திலேயே ரொக் கார்டன். மத்தியானம் 17இல் சாப்பாடு, கைடை அங்கே வரச் சொல்லுங்கள். இரண்டு மணியிலிருந்து அவரோடு 22, வெயில் தாழ்ந்ததும் புரைல், நேரம் இருந்தால் பல்கலைக்கழகத்தில் ஜானரே கட்டிய காந்தி பவன். அரை நாள் கூலிதான் ஆகும். ஏரியை விட்டுவிட வேண்டி வரும், அம்மா கூட இருந்தால் மட்டும் புரைலை விட்டுவிட்டு ஏரிக்குப் போங்கள்.